கத்தரிக்கோலைச் சுமந்த கார்

துபாயிலிருந்து விடுமுறையில் வந்த என் தம்பி, எங்கள் மகளுக்கென்று ஒரு ரிமோட் கார் கொண்டுவந்தான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கார் என் முழங்கை நீளம்கூட இருக்காது. சிவப்பு உடம்பு, கறுப்புக் கண்ணாடி, பின்பக்கம் ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு ஏரியல் கம்பி. ரிமோட்டில் இரண்டே பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் கார் நேராக முன்னால் போகும். மற்றதை அழுத்தினால் இடப்பக்கம் ஒடித்துக்கொண்டு பின்னால் போகும். மலிவான வகைதான் என்று தம்பியே ஒப்புக்கொண்டான். விலை கூடியதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாமாம். இதில் அந்த வசதி கிடையாது. இதற்குத் தெரிந்தது இரண்டு காரியம்தான்: சும்மா நிற்பது, உயிருக்குப் பயந்து ஓடுவது.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு ஹால் பத்தடிக்குப் பன்னிரண்டடி. பொத்தானில் விரல் பட்ட மறுநொடி கார் ஹாலைக் கடந்து அரிசி டின்னில் முட்டி நிற்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு மூன்று வயது மகள் கட்டிலில் ஏறி நின்றுகொண்டாள். மாமாவையே அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அழுதாள். தம்பியின் முகம் சுருங்கிப்போனது. அவன் விமானம் ஏறிய அன்றைக்கே காரைத் தூக்கி பீரோவின் மேல் வைத்துவிட்டேன்.

வைத்தது நான். தினமும் இறக்கியது என் கணவர். அவர் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியன். ஆள் உயரத்தில் நின்று இரையும் மோட்டார்களோடு பகலெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனிதர், சாயங்காலம் காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு காரை இறக்கி அரிசி டின்னின் மேல் மோதவிடுவார். அவருக்கு அதில் என்ன நிம்மதி கிடைத்தது என்று நான் கேட்டதில்லை. டின்னில் ஒடுக்கு விழுந்ததைப் பற்றி மட்டும் கேட்டேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. தினமும் காலையில் பஸ் ஏறிப் போய், மாலையில் பஸ் ஏறித் திரும்புவேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது மற்ற ஆசிரியைகளிடம் இந்தக் கார் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் தலைமையாசிரியை நின்றதை நான் கவனிக்கவில்லை. நாங்கள் அவரைப் பெரிய டீச்சர் என்போம். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது அவருக்கு. அதற்குள் ஊரே பேசும்படி ஒன்று செய்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அடுத்த மாதம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மாவட்டக் கல்வி அதிகாரி வந்து ரிப்பன் வெட்டித் திறந்துவைப்பதாக ஏற்பாடு.

மறுநாள் காலையில் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலை வழக்கம்போல ஒரு பிள்ளை தட்டில் வைத்து நீட்டப்போவதில்லை என்றார். கார் கொண்டுபோகும். மெதுவாக, மரியாதையாக, கம்பளத்தின் மேல் ஊர்ந்துபோய் அதிகாரியின் காலடியில் நிற்கும். அவர் குனிந்து எடுத்துக்கொள்வார். பெரிய டீச்சர் இதைச் சொல்லும்போது அவருடைய கண்கள் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மெதுவாப் போகாதே டீச்சர் அது" என்றேன்.

"நீங்க சயின்ஸ் டீச்சர்தானே? போக வைங்க."

முடியாது என்பதை நேரிலேயே காட்டிவிடலாம் என்று மறுநாள் காரைப் பையில் வைத்துக் கொண்டுபோனேன். பள்ளி வராந்தாவில் அதன் கூரைமேல் ஒரு கத்தரிக்கோலை ரப்பர் பேண்டால் கட்டினேன். இருபதடி தள்ளி, கல்வி அதிகாரியின் இடத்தில் பெரிய டீச்சரே நின்றார். முகத்தில் அதிகாரிக்குரிய புன்னகையும் இருந்தது. பொத்தானை அழுத்தினேன். புன்னகை மாறுவதற்குள் கார் அவருடைய செருப்பில் மோதி மல்லாந்தது. அடி ஒன்றும் இல்லை. செருப்பின் வார்தான் பிய்ந்தது. அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இந்த இடத்தில் கல்வி அதிகாரி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னைக் கேட்டார். இனி திட்டம் கைவிடப்படும் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆனால் அவர், "இன்னும் மூணு வாரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு அறைக்குள் போய்விட்டார்.

முதலில் எனக்குத் தோன்றிய வழி எளிமையானது. காரில் நான்கு பென்சில் பேட்டரிகள். ஒன்றை எடுத்துவிட்டால் வேகம் குறைந்துதானே ஆக வேண்டும்? ஒரு பேட்டரியை உருவிவிட்டு அந்த இடத்தில் சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்தேன். வேகம் கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் காரின் காதும் மந்தமாகிவிட்டது. ரிமோட்டை அதன் ஏரியலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து அழுத்தினால்தான் கேட்கும். கேட்டு ஒரு முழம் போனதும் மறுபடி கேட்காது. கல்வி அதிகாரியின் முன்னால் நான் கையில் ரிமோட்டோடு காரின் பின்னாலேயே குனிந்து போவதை நினைத்துப் பார்த்தேன். பேட்டரியைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

இதையெல்லாம் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தார்.

"மோட்டார் வேலைய மோட்டார்காரன்கிட்ட விடணும். ஃபேன் ரெகுலேட்டருக்குள்ள என்ன இருக்குன்னு நெனைக்க? வெறும் ரெசிஸ்டன்ஸ். நீ பேசாம இரு, நான் பாத்துக்கிடுதேன்."

மில்லில் கழித்துப்போட்ட ஒரு பழைய ரெகுலேட்டரிலிருந்து கம்பிச் சுருளில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிவந்தார். மோட்டாருக்குப் போகிற ஒயரை நறுக்கி, நடுவில் அந்தச் சுருளைச் சேர்த்துக் கூரைக்கு அடியில் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஓட்டம் நடந்தது. கத்தரிக்கோலின் எடைக்குப் பதிலாக, நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாங்கிவந்த கால் கிலோ பால்கோவா பொட்டலத்தைக் காரின் மேல் கட்டினார். முதல் ஓட்டத்தில் கார் அசையவே இல்லை. பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் எடுத்துக்கொண்டு மறுபடி கட்டினார். இரண்டாவது தடவை லேசாக முனகியது. இன்னொரு வாய். இப்படியே போய், ஐந்தாவது ஓட்டத்தில் கார் உண்மையிலேயே அழகாக, மெதுவாக நகர்ந்தது. அவர் வெற்றியோடு என்னைப் பார்த்தார். பொட்டலத்தில் அப்போது காகிதம் மட்டும்தான் இருந்தது.

கத்தரிக்கோலையே கட்டிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. நின்ற இடத்திலிருந்து கார் கிளம்பாது. கால் கட்டைவிரலால் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ள வேண்டும். தள்ளினால் கிளம்பும். கிளம்பினால் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்து, ஹாலின் மறுமுனைக்குப் போகும்போது பழையபடி அரிசி டின். மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் நின்றது, நிற்க வேண்டிய இடத்தில் ஓடியது. இதற்கிடையில் ஒரு பிளாஸ்டிக் வாடை. கூரைக்கு அடியில் சுருள் கொதித்து, காரின் மேற்புறம் பொரித்த அப்பளம் போலப் புடைத்துச் சுருங்கியிருந்தது.

மோட்டார் கிளம்பும்போதுதான் அதிகக் கரண்ட் கேட்கும். அதிகக் கரண்ட் ஓடும்போதுதான் ரெசிஸ்டன்ஸும் அதிகமாகப் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் மோட்டாருக்கு ஒன்றும் கிடைக்காது. எட்டு வருடமாகக் கரும்பலகையில் ஓம் விதியை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்தவள் நான். அந்த விதி என்ன சொல்கிறது என்பது அப்பளமாகிவிட்ட கூரையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதைக் கணவரிடம் சொன்னேன். மில் மோட்டார்கள் பெரியவை, சொன்னால் கேட்கும், இது பொம்மை, இதற்கு அறிவு கிடையாது என்றார். பிறகு காரை பீரோவின் மேல் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். இரண்டு நாள் அதை இறக்கவில்லை.

கண்காட்சிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை உண்டு. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள். அவர் சரிசெய்த பொருள் மறுபடி பழுதாகித் திரும்பி வந்ததே இல்லை என்று ஊரில் பெயர். சரிசெய்த பொருள் வீடு வந்து சேர்வதே அபூர்வம் என்றும் ஒரு பெயர் இருந்தது. எங்கள் பள்ளியின் மைக் செட் ஆம்ப்ளிஃபையர் அவரிடம் போய் இரண்டு பருவத் தேர்வுகள் முடிந்திருந்தன. அவர் பேசுவதும் நிதானமாகத்தான். கேள்வி கேட்டால், சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் பதில் வரும். வேகத்தைக் குறைப்பதற்கு இந்த ஜில்லாவில் இவரை விட்டால் ஆள் கிடையாது என்று எனக்கே தோன்றியது.

காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பளக் கூரையை விரலால் தடவினார். அது யார் வேலை என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என்ன வேண்டும் என்று சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார்.

"மோட்டார மெதுவாப் போகச் சொல்லாதீங்க டீச்சர். முழுசாவே போகச் சொல்லுங்க. ஆனா அடிக்கடி நிப்பாட்டுங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து கடையிலிருந்த டேபிள் ஃபேனின் சுவிட்சைப் போட்டார், அணைத்தார், போட்டார், அணைத்தார். விடாமல் அப்படியே செய்துகொண்டிருந்தார். ஃபேன் முழு வேகம் பிடிக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. சோம்பலாக ஒரே சீராகச் சுற்றியது. போட்டிருக்கிற நேரம் கூடினால் வேகம் கூடும், குறைந்தால் குறையும். ஆனால் போடும்போதெல்லாம் முழு பலத்தோடு போடுவதால் சுமையை இழுக்கிற தெம்பு போகாது. இதையே ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை செய்தால் மோட்டாருக்குத் தெரியவே தெரியாது என்றார்.

"அம்புட்டுத் தடவை சுவிட்சு போட ஆளுக்கு எங்க போறது?" என்று கேட்டேன்.

ஒரு டப்பாவைத் திறந்து, எட்டுக் காலோடு கறுப்பாக இருந்த சின்ன ஐ.சி. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இறந்துபோன பூச்சி போலத்தான் இருந்தது. "இவன் போடுவான். சலிக்கவே மாட்டான்" என்றார்.

ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்னார். அவருடைய ஒரு வாரம் எப்படிப்பட்டது என்பது பள்ளிக்கே தெரியுமாதலால், நான் விடவில்லை. தினமும் மாலையில் பஸ்ஸுக்கு முன்னால் அரைமணி நேரம் அவர் கடை ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டேன். விடைத்தாள் கட்டையும் எடுத்துப்போவேன். நான் திருத்துவேன், அவர் ஒட்டுவார். நான் நிமிர்ந்து பார்த்தால் அவருடைய கை வேகமாக ஓடும். குனிந்தால் நின்றுவிடும். அவர் ஃபேனில் காட்டிய அதே தத்துவம்தான். நான் அடிக்கடி நிமிர்ந்தேன்.

நான்காம் நாள் கார் ஓடியது. ஒரு பழைய ரேடியோவின் வால்யூம் குமிழைக் காரின் முன்பக்க மூடியில் பதித்திருந்தார். குமிழை இடப்பக்கம் திருகினால் எறும்பு வேகம், வலப்பக்கம் திருகினால் பழைய வேகம். கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல், கத்தரிக்கோலோடு ஒரு இடுக்கியையும் சுமந்துகொண்டு, தள்ளாமலே கிளம்பி, ஒரே சீராக ஊர்ந்தது. மெதுவாகப் போகும்போது மோட்டாரிலிருந்து காதருகே கொசு பறப்பது போல ஒரு சத்தம் வந்தது. அது அந்த ஐ.சி. சுவிட்ச் போடுகிற சத்தம் என்றார் பாய். ஒரு ஆசிரியையாக இல்லாமல் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே கை தட்டியிருப்பேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கணவருக்கு ஓட்டிக் காட்டினேன். அவர் தரையில் முழங்கால் போட்டு, கார் ஒரு முழம் போவதைக் கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தார். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

"ஓட்டுறவன் இங்க இருக்கான், ஆக்ஸிலேட்டர் அங்க இருக்கு. வேகத்தக் கூட்டணும்னா ஓடிப்போயி காரப் புடிக்கணுமோ?" என்றார்.

அது உண்மைதான். குமிழ் காரில்தான் இருந்தது, ரிமோட்டில் இல்லை. எங்களுக்கு ஒரே வேகம் போதும் என்றேன். அவர் விடாமல் ரிமோட்டை வாங்கி அடுத்த பொத்தானை அழுத்தினார். கார் அசையவில்லை. பின்னால் போகிற சக்தியே அதற்குப் போய்விட்டிருந்தது. அவருடைய முகத்தில் அப்படியொரு ஒளி. ரிவர்ஸ் இல்லாத வண்டியை வண்டி என்றே சொல்ல முடியாது என்றும், மில்லில் இப்படி ஒரு மோட்டாரைக் கொடுத்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்றும் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மதியம் அவரே என்னோடு பஸ் ஏறி பாய் கடைக்கு வந்துவிட்டார்.

இரண்டு பேருக்கும் அதுதான் முதல் சந்திப்பு. ஐந்து நிமிடத்தில் என்னை மறந்துவிட்டார்கள். காரின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒருவர் தலையை ஒருவர் இடித்தபடி பேசினார்கள். கரண்ட் முன்னால் போகும்போது மட்டும்தான் புதிய சர்க்யூட் வழிவிடுகிறது, பின்னால் போக வழியே இல்லை என்று பாய் விளக்கினார். என் கணவர், கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடுகிற டயோடு ஒன்றைப் போட்டு வழிவிடச் சொன்னார். பாய் கண்ணாடியைத் துடைத்து, யோசித்து, டயோடைப் போட்டார். பிறகு காரைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்து ரிவர்ஸ் பொத்தானை அழுத்தினார்.

கார் ஒரே பாய்ச்சலாகப் பெட்டியிலிருந்து பறந்தது. என் கணவர் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

முன்னால் போனால் எறும்பு, பின்னால் போனால் பழைய முழு வேகம். பின்னால் போகிற கரண்ட் எட்டுக்கால்காரனைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது என்றார் பாய். இரண்டு பக்கமும் மெதுவாகப் போக வேண்டுமானால் எல்லாவற்றையும் பிரித்து வேறு மாதிரி கட்ட வேண்டும். ஒரு வாரம் ஆகும். கண்காட்சியோ திங்கட்கிழமை. அங்கே நமக்கு ரிவர்ஸே தேவைப்படாது என்று மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். வீட்டுக்கு வந்ததும் நான் ரிமோட்டின் இரண்டாவது பொத்தானின் மேல், யாரும் தெரியாமல் அழுத்திவிடக் கூடாதென்று, புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டினேன்.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் பந்தல், வாழைமரம், மைக் செட். ஆம்ப்ளிஃபையர் பாயிடமே இருந்ததால் வாடகைக்கு எடுத்தது. அறிவியல் அறைக்கு முன்னால் சிவப்பு ரிப்பன். அதுவரைக்கும் பச்சைக் கம்பளம். இரண்டு பக்கமும் நாற்காலிகளில் பெற்றோர், ஊர்ப் பெரியவர்கள், பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர்கள். என் கணவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நின்றார். காரின் கூரையில் கத்தரிக்கோலைச் சுற்றி ரோஜா இதழ் ஒட்டியிருந்தோம். ஒத்திகையில் கத்தரிக்கோல் நழுவிக்கொண்டே இருந்ததால் நான் அதை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தேன். நிகழ்ச்சிக்கு முன்னால் அவிழ்த்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். கல்வி அதிகாரி அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார். நூல் மறந்துபோனது.

ரிமோட்டை நான் பிடிப்பதாகத்தான் பேச்சு. அதிகாரியின் ஜீப் வந்து நின்றதும் பெரிய டீச்சர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஓய்வு பெறப்போகிற மனுஷி, ஆசைப்படுகிறார், என்ன ஆகிவிடும் என்று நானும் கொடுத்துவிட்டேன். அவர் பிளாஸ்திரியைப் பார்த்தார். பெரிய மனிதர் முன்னால் இது என்ன அசிங்கம் என்று முணுமுணுத்துக்கொண்டே, நான் வாயைத் திறப்பதற்குள் நகத்தால் கிள்ளி உரித்து எறிந்துவிட்டார். மேளம் கொட்டத் தொடங்கியது. நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

கார் கிளம்பியது. அதைப் பற்றி இன்றைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. கம்பளத்தின் மேல், ரோஜா இதழ் ஒன்றுகூட உதிராமல், பல்லக்கு போகிற நடையில் போனது. மேளக்காரர் காரைப் பார்த்துத் தன் தாளத்தைத் தாமதப்படுத்திக்கொண்டார். ஜனங்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். கல்வி அதிகாரி பருத்த உடம்பு, வெள்ளைச் சட்டை. அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கார் வந்து நிற்கும்வரை கையைக் கூப்பியபடியே நின்றார். சரியாக அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கார் நின்றது. கைதட்டல்.

அவர் குனிந்து கத்தரிக்கோலை எடுத்தார். கத்தரிக்கோலோடு காரும் வந்தது.

இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்ட காரை அவர் ஒரு கணம் பார்த்தார். லேசாக ஆட்டினார். பிறகு, தான் ஏதோ தப்பாக எடுத்துவிட்டோம் என்று நினைத்தோ என்னவோ, திரும்பக் கம்பளத்தில் வைத்துவிட்டு நூலின் முடிச்சைத் தேடினார். பெரிய டீச்சருக்கு வியர்த்துவிட்டது. ஏதாவது செய்ய வேண்டுமே என்று பதறியவர், கையில் இருந்த ரிமோட்டில் மிச்சமிருந்த ஒரே பொத்தானை அழுத்தினார்.

அதிகாரியின் விரல்களுக்கு நடுவிலிருந்து கார் பின்பக்கமாகப் பாய்ந்தது. இடப்பக்கம் ஒடித்துக்கொண்டு நாற்காலிகளுக்கு அடியில் நுழைந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காலைத் தூக்கினார்கள். இந்தக் கோடியில் தொடங்கி அந்தக் கோடிவரை கால்கள் வரிசையாக மேலே போய், வரிசையாகக் கீழே வந்தன. கடைசி வரிசையிலிருந்து என் கணவர் அதன் பின்னால் ஓடினார். வீட்டில் ஓடி ஓடிப் பழகிய கால். பந்தல் காலில் மோதிக் கார் குட்டிக்கரணம் அடித்து மல்லாந்தது. அப்போதும் சக்கரங்கள் நான்கும் வானத்தைப் பார்த்து உறுமிக்கொண்டே இருந்தன. திரும்பிப் பார்த்தால், பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை இன்னும் அழுத்திக்கொண்டுதான் நின்றார்.

"விரல எடுங்க டீச்சர்" என்றேன்.

எடுத்தார். மேளமும் நின்றுவிட்டது. என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பெரிய டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் அவருக்கும் அதே எண்ணம் இருந்தது தெரிந்தது, ஆனால் தன்னுடைய வேலையைப் பற்றி.

கல்வி அதிகாரி கம்பளத்தில் நடந்து எங்களிடம் வந்தார். என் கணவரிடமிருந்து காரை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். சர்க்யூட்டைப் பார்த்ததும் கீழே குந்தி உட்கார்ந்துவிட்டார். தானும் இயற்பியல் படித்து வாத்தியாராக இருந்தவன்தான் என்றார். முன்னால் அவ்வளவு அழகாகப் போகிற கார் பின்னால் மட்டும் ஏன் இப்படிப் போகிறது என்று கேட்டார். பொய் சொல்ல நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

"முன்னால போறதுக்குத்தான் சார் சர்க்யூட் போட்டோம். பின்னால போறதுக்கு வெறும் வழி மட்டும்தான் விட்டோம். அது அதோட இயல்பு."

அவர் சிரிக்கத் தொடங்கினார். குந்தியிருந்தபடியே வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் காலைத் தூக்கியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து எழுந்து, இந்தக் கத்தரிக்கோல் இல்லாமல் வெட்டமாட்டேன், மறுபடி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நின்றார். நான் நூலை அறுத்தேன். இந்த முறை ரிமோட் என் கையில். பேட்டரி களைத்திருந்ததால் கார் முன்னைவிட மெதுவாகப் போனது. நடுவில் ஒரு தடவை நின்றேவிட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். மறுபடி அழுத்தியதும் கொசுச் சத்தம் போட்டுக்கொண்டு நகர்ந்து, அவருக்கு மூன்றடி முன்னால் அடியோடு ஓய்ந்தது. அவர் மூன்றடி நடந்து வந்து, குனிந்து, எடுத்துக்கொண்டார்.

அன்று கண்காட்சியில் எரிமலை இருந்தது, இதயத்தின் மாதிரி இருந்தது, சாண எரிவாயுக் கலம் இருந்தது. எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டிவிட்டு, கிளம்பும் முன் புதுப் பேட்டரி வரவழைத்து, வராந்தாவில் காரைத் தானே நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். நாலாவது தடவை ரிவர்ஸ்.

மாலையில் பாய் கடைக்குப் போனால் செய்தி எனக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. கார் கல்வி அதிகாரியைப் பஸ் ஸ்டாண்டுவரை துரத்தியதாகவும், அவர் ஜீப்பில் ஏறித் தப்பியதாகவும் கேள்விப்பட்டு, பாய் கடையை அடைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, "மொத ஓட்டம் கரெக்டாப் போச்சுல்ல?" என்று மட்டும் கேட்டார். போனது என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

காரை அவரிடமே விட்டுவந்தேன், இரண்டு பக்கமும் மெதுவாகப் போகும்படி மாற்றித் தருவதற்காக. ஒரு வாரம் என்றார். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து, கோடை விடுமுறையும் பாதி போன பிறகு, ஆம்ப்ளிஃபையரும் காரும் ஒரே நாளில் தயாராகின. இப்போது கார் முன்னாலும் பின்னாலும் ஒரே எறும்பு நடை. என் கணவர் வீட்டில் அதை நாலைந்து முறை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். நல்ல வேலை என்று பாராட்டினார். ஆனால் முகத்தில் ஏதோ ஒன்று குறைந்தது.

அடுத்த சில வாரங்களில் அவர் எதற்கோ அடிக்கடி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தார். பாயோடு நல்ல சிநேகம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஐப்பசியில் ஒருநாள் வீடு துடைக்கும்போது காரை எடுத்தால், அதன் அடிவயிற்றில், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், நான் இதற்கு முன் பார்த்திராத ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. என்ன இது என்று கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவரிடம் கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது, பாய் ஏதாவது வைத்திருப்பார் என்றார். சுவிட்சைத் தள்ளிவிட்டுக் காரைத் தரையில் வைத்தேன். ரிவர்ஸை அழுத்தினேன். அவர் அதற்குள் இரண்டு காலையும் கட்டிலின் மேல் தூக்கி வைத்திருந்தார்.